வித்தியாசாலை காத்தோரும் நல்லைநகர் நாவலரும்

அறங்கள் பலவற்றுள்ளும் வித்தியாதானமே தலையாயதென்பது நம் பெரியோர் துணிபு. அன்னம் அன்றைப் பசியை ஒழிக்கும். ஆடை அவ்வாண்டின் குளிரை நீக்கும். கல்வியோ பெற்றவனையும் அவன் வழித்தோன்றல்களையும் ஒருங்கே உயர்த்தும். ஆயினும், கல்விச்சாலையொன்றைக் காணுங்கால் நாம் அதனை நிறுவினார் யாரென்று வினாவுகின்றோமேயன்றி, பொருள் வற்றிய ஆண்டிலே அதனை மூடவிடாது காத்தார் யாவரென்று வினாவுகின்றோமில்லை. ஒரு சாலையைத் தொடங்குதல் ஒருநாட் செயல். வறுமையினும் பகையினும் அதனை நடத்துதல் பல்லாண்டுச் செயல். இவ்வுண்மையை நன்கு விளக்குவது யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் சரித்திரம். அதனை இந்நோக்குடன் ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள், நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் இளைய மகவாய்த் தோன்றினார். பால்யத்திலேயே தந்தையாரை இழந்து தமையன்மார் பாதுகாப்பில் வளர்ந்தார். சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் என்னும் இருவரிடத்துந் தமிழ் நூல்களைக் கற்றார். ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷனாரது கல்விச்சாலையிற் கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியராயும் அமர்ந்தார். அதன் தலைவராயிருந்த பெர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிற் பெயர்த்தபோது, அப்பணிக்குத் துணைநின்றவர் இவரே. அந்நூலை ஐயந்திரிபறக் கற்ற இவர், பிற்காலத்தே சைவத்தின்மேற் கூறப்பட்ட ஆட்சேபங்களுக்கு விடையிறுத்தற்கு அப்பயிற்சி பெரிதும் உதவிற்று.

அக்காலத்து யாழ்ப்பாணத்தின் நிலையை அன்பர்கள் ஒருவாறு சிந்தித்தல் வேண்டும். 1814-ஆம் ஆண்டு முதல் வெஸ்லியன் மிஷனாரும், 1816-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மிஷனாரும் அங்கே பாடசாலைகளை நிறுவி வந்தனர். முறையான வகுப்பும், அச்சிட்ட புத்தகமும், பின்னர் உத்தியோகத்திற்கு வழியும் அப்பாடசாலைகளிலேயே கிடைத்தன. அவர்தம் உழைப்பையும் கல்வியின்கண் அவர் வைத்த ஆர்வத்தையும் நாம் இகழ்வேமல்லேம். எனினும், தம் பிள்ளை கற்றல் வேண்டுமென்று விரும்பிய சைவத் தந்தைக்குத் தன் சமயத்தைக் காக்கும் சாலை வேறொன்றில்லாமை பெருந்துன்பமாயிற்று. பிள்ளை கல்லாதிருத்தலும் கூடாது. கற்கப்புகின் திருநீற்றை மறத்தலும் கூடாது. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட ஏழைக்குடிகளின் இடர்ப்பாட்டையே நாவலரவர்கள் தம் இடர்ப்பாடாகக் கொண்டார்.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாள், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். சுக்கிரவாரந்தோறும் அது நடைபெற்றது. பிரசங்கத்தாற் பெரியோரைத் திருத்தலாம். இளைஞரைப் பேணுதற்குச் சாலையே வேண்டுமென்று துணிந்து, 1848-ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அவ்வாண்டிலேயே மிஷனார்பாற் பெற்றுவந்த உத்தியோகத்தையும் துறந்தார். ஊதியத்தை உயர்த்தித் தருவதாகப் பாதிரியார் கூறியும் அவர் இசைந்திலரென்று சரித்திரம் எழுதினோர் உரைப்பர். இல்லறம் புகாது, தமக்கெனப் பொருளொன்றும் ஈட்டாது, வாழ்நாள் முழுதும் அவ்வொரு பணிக்கே அவர் ஆளாயினார்.

சாலை தொடங்கிற்று, அதனை நடத்தும் பொருளோ இல்லை. மாணாக்கரிடத்துச் சம்பளம் பெறுதலும் இல்லை. அந்நிலையில் அதனைத் தாங்கினவர் அவருடைய நண்பரும் மாணாக்கருமேயாவர். ஊதியங் கருதாது வந்து பாடஞ் சொன்ன இளைஞர் சிலர். தம்மால் இயன்றதை உதவிய வணிகரும் குடிகளும் பலர். இவருட் பெரும்பாலார் பெயர் இன்று நமக்குக் கிட்டிற்றில்லை. கட்டடத்தின் மேல்நிலையைக் கண்டு வியப்போர் நிலத்துட் புதைந்த கல்லைக் காணாமைபோல, அவரும் மறைந்தே நின்றனர்.

சாலைக்கு ஆசிரியர் கிடைத்தபின் புத்தகம் வேண்டப்பட்டது. ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு பல பிள்ளைகளை ஒருங்கே கற்பித்தல் அரிதாகலின், அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு, 1849-ஆம் ஆண்டில் நாவலரவர்கள் சென்னைக்குச் சென்றார். உடன் சென்றவர் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை. அப்பிரயாணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, அங்கே பிரசங்கஞ் செய்து, நாவலர் என்னும் பட்டத்தைப் பெற்றார். கடல் கடந்து வந்த இருபத்தாறு வயதினர் ஒருவரது தகுதியை அறிந்து மதித்த அவ்வாதீனத்தின் செயல், பொற்கிழியினும் மிக்க உபகாரமாயிற்று. அப்பட்டம் ஈழத்தினும் தமிழகத்தினும் அவர் சொல்லுக்கு ஏற்றந் தந்தது.

சென்னையினின்றும் கொணர்ந்த யந்திரத்தைக் கொண்டு வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை அமைந்தது. பாலபாடங்கள், சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம் முதலிய நூல்களெல்லாம் வகுப்பிலிருந்த பிள்ளைகளின் தேவையினின்றும் பிறந்தவை. 1852-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியபுராண வசனமும் அத்தகையதே. இன்று நாம் எளிதிற் படிக்கும் தமிழ் வசனநடை, பெரும்பான்மையும், ஏழைப் பிள்ளைகட்காக நடத்திய ஒரு சாலையின் விளைவென்பதை மறத்தலாகாது.

யாழ்ப்பாணத்தில் எடுத்த பணி சிதம்பரத்தினும் நிகழ்தல் வேண்டுமென்பது அவர் வேட்கை. 1860-ஆம் ஆண்டில் சைவர்களுக்கு விஞ்ஞாபனம் ஒன்று வெளியிட்டுப் பொருளுதவி வேண்டினார். 1864-ஆம் ஆண்டில் சிதம்பரம் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. ஈழத்தார் கொடுத்த பொருளும் தமிழகத்துச் சாலைக்குப் பயன்பட்டமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. தம்மூர்ப் பிள்ளைகளுக்கே முற்றப்போதாத காலத்தில், கடற்கு அப்பாலுள்ள பிள்ளைகளையும் தம் பிள்ளைகளாக எண்ணிய அவர்தம் உள்ளத்தை என்னென்று போற்றுவோம்! இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர், திருக்குறட் பரிமேலழகருரை முதலிய நூல்களை நாவலரவர்களைக்கொண்டு பதிப்பிக்கப் பொருளுதவினார். செல்வர் செல்வத்தையும், புலவர் புலமையையும், வறியர் உழைப்பையும் தந்தமையாலேயே இப்பணிகள் நிலைபெற்றன.

உதவி எஞ்ஞான்றும் ஒருபடித்தாய் வந்ததில்லை. 1870-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் மீண்ட நாவலரவர்கள், ஆங்கிலத்தையும் சைவச் சூழலிலேயே கற்பிக்கக் கருதி, 1872-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பொருளின்மையால் நின்றுவிட்டது. தொடங்கியவர் அவரே, ஆற்றலும் அவ்வாற்றலே, நோக்கமும் அந்நோக்கமே. தாங்குவோர் போதாமை ஒன்றே வேறுபாடு. எத்துணைப் பெரியாரும் தனித்து நின்று ஒரு சாலையைக் காத்தல் இயலாதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? சாலை நிலைத்தவிடத்து நிறுவினாரையே புகழ்ந்து, நின்றவிடத்து அவரையே குறைகூறுவது உலகியல்பு. இரண்டிடத்தும் உடன்நின்றோரையும் நில்லாதோரையும் எண்ணுதலே நேர்மையாகும்.

1876, 1877-ஆம் ஆண்டுகளிற் பஞ்சமும் விசூசிகையும் யாழ்ப்பாணத்தை வருத்தின. சாலைக்கே பொருள் தேடித் திரிந்த அவர், அப்போது ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்கும் பணியை மேற்கொண்டு, ஈவோரிடமெல்லாம் இரந்து பொருள் சேர்த்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாதென்பதை அறியாதவரா அவர்? வயிற்றுக்கு ஈதலும் அறிவுக்கு ஈதலும் அவர்க்கு இரண்டல்ல.

அவரிடத்துக் குறையே இல்லையென்று நாம் கூறவந்தேமல்லேம். தம் காலத்துச் சாதிவழக்கினை அவர் கடந்தாரல்லர். அவர் ஏற்றிய விளக்கின் ஒளி எல்லார்க்கும் ஒப்பச் சென்றதில்லை. நன்றி பாராட்டுதலென்பது குறையை மறைத்தலன்று; பெற்றதை மறவாது, அவர் விட்ட குறையை நாம் நிறைத்தலேயாம்.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள் நாவலரவர்கள் சிவபதம் அடைந்தார். தலைவர் மறைந்தபின் சாலைகள் மறைதலே பெரும்பாலும் நாம் காண்பது. இங்கே அவ்வாறு நிகழ்ந்திலது. முன்னர்ச் சென்னைக்கு உடன்சென்ற சதாசிவப்பிள்ளையவர்கள், அச்சியந்திரசாலையையும் சிதம்பரத்துச் சாலையையும் தம் தலைமேற்கொண்டு, தாம் மறையுங்காறும் காத்தார். ஆசிரியர் பெயரை நிறுத்தித் தம் பெயரைப் பின்னிறுத்திய அவர் போல்வார் அரியர். 1888-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்து, நின்றுபோன ஆங்கிலச் சாலையின் நோக்கத்தை நிறைவேற்றிற்று. சிதம்பரத்துச் சாலை நாவலர் பெயரால் மேனிலைப் பள்ளியாய் இன்றும் நடைபெறுகின்றது.

இனி, சித்தாந்த நெறியில் நின்று இதனை நோக்குவோம். உயிர் தானே அறியவல்லதன்று, அறிவித்தால் அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. அதன் கண்ணை மறைத்த ஆணவம் தேய்தற்குக் கருவியும் துணையும் வேண்டும். கல்விச்சாலை அத்துணைகளுள் ஒன்று. இறைவனோ உயிர்கள் தன்னை அறியாதிருக்கும்போதும் மறைந்துநின்று அவற்றை நடத்துகின்றான். திரோதானமென்று நாம் கூறும் அருட்செயல் அதுவே. காண்போர் இல்லாதவிடத்தும் உபகரித்தலே அவன் இயல்பாயின், பெயர் வேண்டாது ஒரு சாலைக்கு உதவினவர் அவ்வியல்பிற் சிறிது பங்குபெற்றவரென்றே கொள்ளல் தகும். எனது என்னுஞ் செருக்கு அறாது கொடுக்குங் கொடை, கொடுத்தவனுக்குப் புகழாகலாம். அச்செருக்கு அற்ற கொடையே அவனுக்கு வீட்டுநெறிக்குத் துணையாகும்.

அன்பர்காள்! சாலைகளுக்கு இடர் நேருங் காலம் ஒழிந்துவிட்டதென்று எண்ணற்க. வெள்ளம், நோய், போர், வறுமை என்னும் இவற்றுள் யாதேனும் ஒன்று எவ்வூர்க்கும் வரும். அப்போது ஊதியம் தாழ்ப்பினும் வகுப்பைக் கைவிடாத ஆசிரியரும், தம் உணவிற் குறைத்துப் பிள்ளைகளுக்கு ஈயும் ஏழையரும், கணக்கெழுதிக் காப்போரும் எங்கேனும் இருந்தே தீர்வர். அவர் வாழுங்காலத்திலேயே நன்றி கூறுதல் நம் கடன். திருமடங்களும் சைவசபைகளும் தத்தமக்கு அணித்தாயுள்ள சாலைகளின் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்து, உதவினோர் பெயர்களை எழுதிவைத்து, ஆண்டுக்கொருமுறை அச்சாலையிலேயே அவற்றைப் படிக்கச்செய்வாராயின், அது நாவலரவர்களுக்குச் செய்யும் உண்மைக் குருபூசையாகும். பெயர் கிட்டாதவர்க்கு என் செய்வதெனின், அவர் தாங்கிய சாலைகளை நாமும் நம் காலத்தில் தாங்குவோமாக. அதுவே அவர் ஏற்கும் நன்றி.

சிவம்.