தடுப்பாட்டக்காரர் ஜாக் ஸ்டீன்

கால்பந்து என்றாலே கோல் போட்டவர்களின் பெயர்தான் நம் நினைவுக்கு வரும். கோல் விழாமல் தடுத்தவரை யார் நினைக்கிறார்கள்? ஸ்காட்லாந்து நாட்டின் ஜாக் ஸ்டீன் அப்படித் தடுத்து நின்ற ஆட்டக்காரர்களில் ஒருவர்.

அவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், லானார்க்ஷயர் வட்டாரத்துப் பர்ன்பேங்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகனும் இளம் வயதிலேயே சுரங்கத்தில் இறங்கினார். 1942 முதல் ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சிறிய கழகத்துக்கு ஆடினார். சுரங்க வேலையை மட்டும் விடவில்லை. 1950-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி கழகத்தில் சேர்ந்த பிறகுதான் முழுநேர ஆட்டக்காரரானார். அங்கும் நிலைக்கவில்லை. ஊரில் இருந்த வீட்டில் திருடர் புகுந்ததால் மனைவி அஞ்சினார். மீண்டும் சுரங்கத்துக்கே திரும்பிவிடலாம் என்று அவர் எண்ணியிருந்த வேளையில், 1951 டிசம்பரில் கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகம் 1,200 பவுன் கொடுத்து அவரை வாங்கியது. இளைஞர்களுக்குத் துணையாக இரண்டாம் அணியில் வைத்துக்கொள்ளத்தான்! முதல் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் காயம்பட, இவருக்கு இடம் கிடைத்தது. விரைவில் அணித் தலைவரும் ஆனார். 1954-இல் லீக் பட்டம், கோப்பை இரண்டையும் செல்டிக் வென்றது.

செல்டிக், ஐரிஷ் கத்தோலிக்கர் வளர்த்த கழகம். ஸ்டீனோ புராட்டஸ்டண்ட். அந்த நகரத்தில் இது சிறிய செய்தியல்ல. பழைய நண்பர்கள் சிலர் அவருடன் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

1955-இல் கணுக்காலில் பட்ட அடி அவர் ஆட்டத்தை முடித்தது. வாழ்நாள் முழுதும் சற்று நொண்டியே நடந்தார். 1957-இல் ஓய்வு பெற்று, செல்டிக் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1960-இல் டன்ஃபெர்ம்லைன் அணியின் பொறுப்பேற்று, மறு ஆண்டே கோப்பை இறுதியில் செல்டிக்கையே தோற்கடித்தார். 1965-இல் அதே செல்டிக் அவரைத் திரும்ப அழைத்தது. அதற்கு முன் அப்பதவியில் இருந்த அனைவரும் கத்தோலிக்கரே.

1967 மே 25, லிஸ்பன் நகரம். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் இன்டர் மிலான். ஒரு கோல் போட்டுவிட்டுக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொள்வதில் வல்லவர்கள். ஏழாவது நிமிடமே பெனால்டியில் அந்த ஒரு கோலும் கிடைத்துவிட்டது. கதவைச் சாத்தினார்கள். ஸ்டீன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தடுத்தே பழகிய மனிதர், தம் தடுப்பாட்டக்காரர்களையே முன்னே ஓடித் தாக்கவிட்டார்! பெனால்டிக்குக் காரணமான ஜிம் கிரெய்க் (இவர் பல் மருத்துவம் படித்தவர்) வலப்பக்கம் ஏறிச்சென்று பந்தைத் தள்ள, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் டாமி ஜெமெல் அதை ஓங்கி உதைத்து 63-ஆம் நிமிடத்தில் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் சால்மர்ஸ் வெற்றிக் கோலைப் போட்டார். அக்கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி அதுவே. பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள்.

1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். 1975-இல் கார் விபத்தில் உயிர் தப்பினார். 1978-இல் ஸ்காட்லாந்து தேசிய அணியின் பொறுப்பு வந்தது.

1985 செப்டம்பர் 10 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸுடன் ஆட்டம். உலகக் கோப்பை வாய்ப்புக்குச் சமன் செய்தாலே போதும். இறுதிக்கட்டத்தில் பெனால்டி மூலம் 1-1 ஆனது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் மைதானத்தின் ஓரத்திலேயே சாய்ந்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 62. மறு ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அந்த அணியை அழைத்துச் சென்றவர், அவருடைய உதவியாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன்.