விலைக்கு வந்த வீரர்: கர்னல் சி. கே. நாயுடு

செல்வம் மிகுந்த ஓர் அணி பெரும் பொருள் கொடுத்து ஓர் ஆட்டக்காரரைத் தன்பால் இழுத்துக் கொள்ளும்போது, ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவது வழக்கம். கொல்கத்தா வாழ் தமிழராகிய நாம் இதனை அறியாதவர் அல்லோம். 2024ஆம் ஆண்டு நவம்பரில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியினர், முன்னரே தம்மிடம் ஆடிய வெங்கடேஷ் ஐயரை 23 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு மீண்டும் ஏலத்தில் எடுத்தனர். தமிழ்க் குடும்பத்தில் தோன்றி இந்தூரில் வளர்ந்த அதிரடி ஆட்டக்காரர் அவர். லேக் மார்க்கெட் கடைத்தெருவிலும் நம் இல்லங்களிலும் அப்போது எழுந்த வாதம் சிறிதன்று. ஒரு மனிதருக்கு இத்தனை பொருள் தகுமோ என்பது ஒரு கட்சி. திறமைக்கு விலை உண்டு என்பது மறு கட்சி. அடுத்த ஆண்டே அணியினர் அவரை விடுவித்து விட்டனர்.

வாதம் முடிந்து விட்டது, கேள்வி முடியவில்லை. பொருள் கொடுத்து அழைத்து வரப்பட்டவர் ஓர் ஊருக்கு உரியவர் ஆவது எப்போது? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்து சென்ற ஒருவரை இம்மலரில் நினைவு கூர்வது பொருத்தமாகும் எனக் கருதுகிறோம். அவரும் இந்தூர் வழியாகவே புகழ் பெற்றவர்.

கோட்டாரி கனகையா நாயுடு 1895ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நாகபுரியில் பிறந்தார். வீட்டு மொழி தெலுங்கு. வீதி மொழியோ மராத்தியும் இந்தியும். வேற்று மொழி வழங்கும் ஊரில் வேரூன்றிய குடும்பத்தின் இயல்பை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நெடிய உருவமும் நிமிர்ந்த நடையும் கொண்ட அவர் பள்ளிப் பருவத்திலேயே கிரிக்கெட்டில் தேர்ந்தார். 1916ஆம் ஆண்டு பம்பாயில் ஐரோப்பியருக்கு எதிராக இந்துக்கள் அணியில் களம் இறங்கினார். ஏழு விக்கெட்டுகள் வீழ்ந்து அணி தத்தளித்த வேளை அது. முதல் மூன்று பந்துகளைத் தடுத்து நிறுத்தி, நான்காவதைச் சிக்ஸராக அடித்தார். அப்போது தொடங்கிய அந்த ஆட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் ஓயவில்லை. நம் சென்னைச் சேப்பாக்கத்திலும் அவர் அடித்த பந்து ஒன்று மைதானத்தைக் கடந்து தென்னை மரத்தடியில் போய் விழுந்ததைப் பழைய ரசிகர்கள் நெடுங்காலம் பேசி மகிழ்ந்தனர்.

அந்நாளில் நம் நாட்டில் கிரிக்கெட்டையே தொழிலாகக் கொண்டு பிழைப்பது அரிது. சுதேச சமஸ்தானத்து மன்னர்களே ஆட்டக்காரர்களை ஆதரித்தனர். பாட்டியாலா, பரோடா, ஹோல்கர் முதலிய சமஸ்தானங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சிறந்த வீரர்களை ஈர்த்தன. அரண்மனையிலோ படையிலோ ஒரு பதவி தருவர். பதவிக்குச் சம்பளம் உண்டு. ஆனால் வேலை மைதானத்தில். இன்றைய ஏலத்திற்கு அன்றைய உருவம் இதுவே. 1923ஆம் ஆண்டில் இந்தூரின் ஹோல்கர் மன்னர் நாயுடுவை அழைத்துத் தம் படையில் காப்டன் பதவி அளித்தார். பிற்காலத்தில் அவர் கர்னல் ஆனார். கர்னல் நாயுடு என்றே உலகம் அவரை அறிந்தது.

மன்னர் கொடுத்த பொருள் வீண் போகவில்லை என்பது 1926ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் விளங்கிற்று. கில்லிகன் தலைமையில் வந்த இங்கிலாந்தின் எம்.சி.சி. அணியை எதிர்த்துப் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் நாயுடு 116 நிமிடங்களில் 153 ரன்கள் குவித்தார். அவற்றுள் 11 சிக்ஸர்கள்! கூரைகளிலும் மரங்களிலும் மக்கள் ஏறி நின்று பார்த்தனர். இந்தியர் ஆங்கிலேயருக்குச் சமமாக ஆட வல்லவர் என்னும் நம்பிக்கை அன்று வலுப்பெற்றது. இரண்டே ஆண்டுகளில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் தோன்றியது.

1932ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியபோது தலைமை தாங்கியவர் நாயுடுவே. அணித் தலைவராகச் சென்ற போர்பந்தர் மன்னர் தம் ஆட்டத்தின் அளவை அறிந்து பெருந்தன்மையோடு விலகி நின்றார். கையில் அடிபட்ட நிலையிலும் முதல் இன்னிங்ஸில் நம் அணியின் மிக உயர்ந்த எண்ணிக்கையான 40 ரன்களை நாயுடு எடுத்தார். அந்தப் பருவத்தில் இங்கிலாந்தில் அவர் அடித்த சிக்ஸர்கள் 32. பர்மிங்காமில் அடித்த ஒன்று ரீ ஆற்றைக் கடந்து விழுந்தது. ஆறு முற்காலத்தில் இரு மாவட்டங்களின் எல்லை. ஆகவே ஒரு மாவட்டத்தில் அடித்த பந்து மறு மாவட்டத்தில் விழுந்தது என்று பேசிக் கொண்டனர்.

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் முதன்முதலாக டெஸ்ட் பந்தயம் நடந்தது. எதிரில் ஜார்டினின் இங்கிலாந்து அணி; இந்தியாவுக்குத் தலைவர் நாயுடு. பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. ஆயினும் அன்று கல்கத்தா மக்கள் ஒரு புதிய இளைஞரைக் கண்டனர். இந்தூரில் பிறந்த முஷ்டாக் அலி அவர், வயது பத்தொன்பது. சிறுவனாக இருந்தபோதே நாயுடுவின் கண்ணில் பட்டு, அவரால் வளர்க்கப்பட்டவர். 1945இல் ஆஸ்திரேலியப் படைவீரர் அணிக்கு எதிராக முஷ்டாக்கைத் தேர்வுக் குழு விலக்கியபோது, இவ்வூர் ரசிகர்கள் கிளர்ந்தெழுந்தனர். குழுவினர் தம் முடிவை மாற்றிக் கொள்ள நேர்ந்தது. கல்கத்தா நாயுடுவை அறிந்தது மைதானத்தில் மட்டும் அன்று. இவ்வூரின் பாத்கேட் மருந்து நிறுவனத்தார் 1941இல் தங்கள் டானிக்கின் விளம்பரத்திற்கு அவரையே நாடினர்.

பொருளால் பெற முடியாததும் உண்டு என்பதை 1936ஆம் ஆண்டு காட்டியது. இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் தலைமை, செல்வமும் செல்வாக்கும் மிக்க விஜயநகரம் மகாராஜகுமாரருக்குப் போயிற்று. மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்த ரன்கள் 33. அவருக்குக் கீழ் ஆடிய நாயுடு, தம் கடைசி டெஸ்டில், பந்து உடலில் பட்டு வலித்த நிலையிலும் 81 ரன்கள் எடுத்து விடைபெற்றார். தலைமையை வாங்கலாம், ரன்களை வாங்க இயலாது.

இதன் பின்னரே நாயுடுவின் வாழ்வில் நாம் போற்றத்தக்க பகுதி தொடங்குகிறது என்போம். டெஸ்ட் வாழ்வு முடிந்தபோது வயது நாற்பதைக் கடந்து விட்டது. பதவியின் சம்பளத்தில் ஓய்வாக இருந்திருக்கலாம். அவரோ ஹோல்கர் அணியைக் கட்டி எழுப்பினார். சர்வாதே, நிம்பல்கர், கெய்க்வாட் முதலியோர் அவர் தலைமையில் ஒளிர்ந்தனர். சற்றே கடுமையானவர் என்றும், ஒழுங்கு தவறியவரைப் பொறுக்க மாட்டார் என்றும் இளையோர் அஞ்சியது உண்மை. ஆனால் பிறரிடம் கேட்டதைத் தம்மிடமும் கேட்டவர் அவர். 1945-46இல் மைசூருக்கு எதிராக ஹோல்கர் அணி 8 விக்கெட்டுக்கு 912 ரன்கள் குவித்தது. அறுவர் சதம் அடித்தனர். அவ்வாண்டு இறுதிப் பந்தயத்தில் பரோடாவுக்கு எதிராக நாயுடு 200 ரன்கள் எடுத்தபோது வயது ஐம்பது. 1951-52இல் பம்பாயுடன் ஆடுகையில் பாட்கர் வீசிய பந்து வாயில் பட்டுப் பற்கள் உடைந்தன. உடைந்தவற்றை மட்டையால் ஒதுக்கி விட்டு, அடுத்த பந்தை வீசுமாறு சைகை காட்டினார்.

ஒன்பது ஆண்டுகளில் எட்டு முறை ரஞ்சிக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தை எட்டிய ஹோல்கர் அணி, நான்கு முறை கோப்பையை வென்றது. நான்காவது வெற்றி 1952-53இல், இதே ஈடன் தோட்டத்தில், வங்காள அணியை முதல் இன்னிங்ஸில் முந்திப் பெற்றதாகும். அதற்குள் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்து விட்டன. அழைத்த அரசே இல்லை. அழைக்கப்பட்டவர் மட்டும் களத்தில் நின்றார்.

1956ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருது அவரை நாடி வந்தது. அறுபத்தோராம் வயதிலும் உத்தரப் பிரதேச அணிக்காக ரஞ்சிப் பந்தயங்களில் ஆடினார். 1967ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், தம்மை அழைத்துக் கொண்ட அதே இந்தூரில் காலமானார்.

ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுத்த விலை தகுமா தகாதா என்பதை ஏல நாளில் எவராலும் தீர்மானிக்க முடியாது. ஒரே பருவத்தின் ரன்களைக் கொண்டும் தீர்மானிக்க முடியாது. இன்றைய ஏலமோ ஒருவருக்கு நாற்பது ஆண்டு தருவதில்லை. அந்த வகையில் நாயுடு பேறு பெற்றவர். ஆனால் கிடைத்த காலத்தை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதே நாம் நோக்கத் தக்கது. சம்பளத்திற்காக வந்தார், வந்த இடத்தில் பிள்ளைகளை ஆளாக்கினார், அணியொன்றை விட்டுச் சென்றார். இந்தூர் அவரை வெளியூரார் என்று எண்ணவில்லை.

நம் முன்னோரும் ஒரு சம்பளத்தை நம்பியே ஹூக்ளிக் கரைக்கு வந்தனர். அலுவலகத்திலும் பள்ளியிலும் வங்கியிலும் அவர்களை அமர்த்தியவர்கள் கொடுத்த விலைக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இந்நகரமே சாட்சி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. நினைப்பதோடு நில்லாமல், உப்பிட்ட ஊரில் ஏதேனும் ஒன்றை நட்டு வளர்த்துச் செல்வதே நாயுடு காட்டிய வழி. அவ்வழி நம் இளையோர்க்கும் உரியதாகுக!