காற்றை அளந்து துணிந்தவர்

வீரம் என்றதும் நம் மனக்கண் முன் வாளும் வேலும் வந்து நிற்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு பாய்பவனே வீரன் என்றும் எண்ணிவிடுகிறோம். ஆனால் வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்து வைத்தார். அறிந்து, அளந்து, அதன்பின் துணிவதே வீரம் என்பது அதனால் விளங்குகிறது. அதற்குச் சான்றாக வாழ்ந்த ஒரு விமானியின் வரலாற்றை நம் கல்லூரி மலரில் எழுத விழைகின்றேன். அவர் பெயர் ஜிம்மி டூலிட்டில்.

இயற்பியல் பயிலும் எனக்குப் போர்க்கதைகளில் அத்துணை நாட்டமில்லை. நூலகத்தில் விமானக் கருவிகளைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டியபோதுதான் இவர் பெயர் முதலில் கண்ணில் பட்டது. படிக்கப் படிக்க, இவர் போர்வீரர் மட்டுமல்லர், நம்மைப் போல் ஆய்வுக்கூடத்தில் நின்ற மாணவர் என்பதும் தெரிந்தது.

1896 டிசம்பர் 14 அன்று கலிபோர்னியாவின் அலமீடா என்னும் ஊரில் டூலிட்டில் பிறந்தார். தந்தை தங்கம் தேடி அலாஸ்காவுக்குச் சென்றவர். பனி படர்ந்த நோம் நகரில் மகனின் இளமை கழிந்தது. உயரம் குறைந்த உடல்வாகு. ஆதலின் பிற சிறுவரின் கேலிக்கு ஆளாகி, குத்துச்சண்டை பழகினார். கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது முதல் உலகப்போர் வந்தது. 1917 இல் படிப்பை இடையில் விட்டுப் படையில் சேர்ந்து விமானியானார். ஆயினும் விட்ட படிப்பை அவர் மறக்கவில்லை. 1922 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் புளோரிடாவிலிருந்து கலிபோர்னியா வரை ஒரே நாளுக்குள் பறந்து அமெரிக்கக் கண்டத்தைக் கடந்தார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1925 இல் விமானவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். தரையிலிருந்து உயரச் செல்லச் செல்லக் காற்றின் வேகம் மாறுகிறதே, அம்மாற்றம் விமானத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதே அவர் ஆய்வுப் பொருள்.

அக்காலத்தில் மூடுபனியில் சிக்கிய விமானிகள் வானம் எது, தரை எது என்று அறியாமல் மோதி மாண்டனர். உடலின் உணர்வை நம்பலாகாது, கருவியை நம்ப வேண்டும் என்று டூலிட்டில் கருதினார். 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் திடலில், தம் இருக்கையைத் திரையால் முழுவதும் மூடிக்கொண்டு, சுழல்காட்டிகளையும் உயரமானியையும் வானொலிக் குறிகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு விமானத்தை எழுப்பி, சுற்றி வந்து, தரையிறக்கினார். இன்று மழையிலும் பனியிலும் விமானங்கள் பறப்பதற்கு வழிகோலியது அந்தக் கால்மணி நேரப் பயணமே.

இனி இரண்டாம் உலகப்போருக்கு வருவோம். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. 1942 ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பும் திருகோணமலையும் விசாகப்பட்டினமும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்த மாதம் அது. ஜப்பானை எவராலும் நெருங்க முடியாது என்று உலகம் நம்பிய அந்நேரத்தில், டோக்கியோவைத் தாக்கும் பணி டூலிட்டிலிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45.

பி-25 என்னும் இரட்டை எஞ்சின் குண்டுவிமானம் நீண்ட ஓடுபாதையில் ஓடி எழும்புவது. அதைக் கப்பல் தளத்திலிருந்து எழுப்புவது எப்படி? நாம் வகுப்பில் படிக்கும் சார்பு வேகமே இங்கு விடை. விமானத்தைத் தூக்குவது தரைமேல் அது ஓடும் வேகமன்று, இறக்கையின்மேல் காற்று பாயும் வேகமே. கப்பல் எதிர்காற்றில் விரைந்தால் காற்றின் வேகமும் கப்பலின் வேகமும் கூடி விமானத்துக்குத் துணை நிற்கும். இந்தக் கணக்கை நம்பி, தாமாக முன்வந்த வீரர்கள் புளோரிடாவில் எக்லின் திடலில் பயிற்சி பெற்றனர். எடையைக் குறைத்து எரிபொருளைக் கூட்டினர். ஒரு விமானத்துக்கு 1,141 காலன் பெட்ரோல். வால்பகுதியில் துப்பாக்கி இல்லாத குறையை மறைக்கத் துடைப்பக் கட்டைகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசிச் செருகினர். விலையுயர்ந்த குறிபார்க்கும் கருவியைக் கழற்றிவிட்டு, சில காசுகளில் செய்த எளிய தகட்டுக் கருவியைப் பொருத்தினர். எளிய கருவி கொண்டும் சரியான அளவெடுக்கலாம் என்பது நம் ஆய்வுக்கூடம் அறிந்த உண்மையே.

ஹார்னெட் என்னும் கப்பல் 16 விமானங்களைச் சுமந்து, ஏப்ரல் 2 அன்று டூலிட்டில் பிறந்த அதே அலமீடாவிலிருந்து புறப்பட்டது. விமானத்துக்கு ஐவராக மொத்தம் 80 பேர். ஏப்ரல் 18 காலையில் ஜப்பானியக் காவற்படகு ஒன்று கப்பற்படையைக் கண்டுவிட்டது. திட்டமிட்டதற்குப் பத்து மணி நேரம் முன்னதாக, சுமார் 170 கடல்மைல் கூடுதல் தொலைவிலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று. குண்டு வீசிவிட்டுச் சீனத்தில் இறங்குவது திட்டம். இப்போது எரிபொருள் அதுவரை போதுமா என்பதே ஐயமாயிற்று. முதல் விமானம் டூலிட்டிலுடையது. அவர் முன் இருந்த தளம் 467 அடி. பொங்கும் கடலில் கப்பலின் முனை மேலெழும் கணத்தைப் பார்த்து விமானம் விடப்பட்டது. தளத்தின் விளிம்பை எட்டுமுன்பே அது காற்றில் எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறும் எழுந்தன.

டோக்கியோ, யோகோகாமா, நகோயா, கோபே முதலிய நகரங்களில் குண்டுகள் விழுந்தன. ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தனர். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. இதனை மறைத்துவிட்டு வரலாறு எழுதுதல் அறமாகாது.

பின்காற்றின் உதவியால் விமானங்கள் சீனக் கரையை எட்டின. ஒன்று மட்டும் சோவியத் நாட்டில் இறங்கிற்று. இரவு, மழை, வழிகாட்டும் வானொலிக் குறியும் இல்லை. மற்றப் பதினைந்தும் நொறுங்கின. டூலிட்டில் குழுவினர் குடைமிதவை கொண்டு இருளில் குதித்தனர். 1926 இல் சிலி நாட்டில் அவருடைய கணுக்கால்கள் இரண்டும் முறிந்திருந்தன. மீண்டும் முறியுமோ என்று அஞ்சியபடி இறங்கியவர் விழுந்தது ஓர் எருவிட்ட நெல்வயலில். சேறு அவரைக் காத்தது. அருகிலிருந்த வீட்டுக் கதவைத் தட்டி, மனப்பாடம் செய்திருந்த சீனச் சொற்களைச் சொன்னார். உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. விளக்கு அணைந்தது. அவ்விரவை ஒரு நீராலையில் குளிரில் நடுங்கிக் கழித்தார்.

இந்த இடத்தை விடுமுறையில் என் தந்தையாருக்குச் சொன்னேன். அவர் எழுத்தறியாதவர். பிறர் நிலத்தில் நாற்றும் நடவுமாகவே வாழ்ந்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். விமானத்தின் வேகத்தையோ கப்பலின் நீளத்தையோ அவர் கேட்கவில்லை. அந்த வயலுக்காரன் பிற்பாடு என்ன ஆனான் என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து மீண்டும் நூலகம் சென்றேன்.

அந்த ஒரு மனிதரைப் பற்றி ஏதும் கிடைக்கவில்லை. அவர் இனத்தாரைப் பற்றிக் கிடைத்தது. ஒரு கதவு மூடினாலும் மறுநாள் பல கதவுகள் திறந்தன. உழவர்களும் மீனவர்களும் விமானிகளை ஒளித்து வைத்தனர். காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து மலை கடந்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1942 மே மாதம் ஜப்பானியப் படை செஜியாங், ஜியாங்சி மாகாணங்களில் புகுந்தது. ஊர்கள் எரிந்தன. கிணறுகளில் நோய்க்கிருமிகள் கலக்கப்பட்டன. மாண்ட சீன மக்கள் இரண்டரை லட்சம் பேர் என மதிப்பிடுகின்றனர். இத்தகைய பழிவாங்கல் நேரும் என்று சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் முன்பே அஞ்சியிருந்தார்.

எண்பது விமானிகளில் மூவர் விழுந்த அன்றே மாண்டனர். எண்மர் ஜப்பானியரிடம் சிக்கினர். அவர்களுள் மூவர் 1942 அக்டோபர் 15 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் சிறையில் நோயுற்று இறந்தார்.

மறுநாள் நொறுங்கிய விமானத்தின் அருகே டூலிட்டில் சோர்ந்து அமர்ந்திருந்தார். எல்லா விமானங்களும் போயின, தமக்குப் படைநீதிமன்றமும் சிறையுமே காத்திருக்கின்றன என்று நம்பினார். அவர் குழுவின் இயந்திர வல்லுநர் பால் லெனார்டு அருகில் வந்து தேற்றினார். விருதும் பதவி உயர்வும் வரும் என்றார். அவ்வாறே மே மாதத்தில் நாட்டின் உயர்ந்த வீரப்பதக்கம் வந்தது. இரண்டு படி உயர்ந்து படைத்தலைவரானார். தேற்றிய லெனார்டோ 1943 இன் தொடக்கத்தில் அல்ஜீரியாவில் குண்டுவீச்சுக்குப் பலியானார்.

டூலிட்டில் 1993 செப்டம்பர் 27 அன்று தம் 96 ஆம் வயதில் மறைந்தார். 1959 இல் டூசான் நகர மக்கள் எண்பது விமானிகளுக்கும் பெயர் பொறித்த 80 வெள்ளிக் கோப்பைகளை அளித்திருந்தனர். ஒருவர் இறந்தால் அவர் கோப்பையைக் கவிழ்த்து வைப்பது மரபு. கடைசிக் கோப்பைக்குரியவர், டூலிட்டிலின் துணைவிமானி ரிச்சர்டு கோல், 2019 இல் 103 வயதில் காலமானார்.

அன்பு நண்பர்களே! காற்றையும் தளத்தையும் எரிபொருளையும் அளந்து துணிந்த அந்தப் பேரறிவாளரை நான் வணங்குகிறேன். கல்வி அச்சத்தை வெல்லும் என்பதற்கு அவரே சான்று. ஆயினும் அந்த எண்பது கோப்பைகளுள் நெல்வயல் உழவருக்கு ஒன்றுமில்லை. திட்டம் தீட்டியோரின் கணக்கில் அவ்வுழவர்களின் உயிர் உரிய இடம் பெறவில்லை. நாளை நாமும் பட்டம் பெற்று அளக்கவும் முடிவெடுக்கவும் போகிறோம். அப்போது கதவுக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டு அஞ்சி நிற்பவரையும் கணக்கில் சேர்ப்போம். எழுத்தறியாத என் தந்தையார் எனக்குக் கற்பித்த இயற்பியல் அதுவே.