விமானி றிச்சட் ஹிலறி

போர்க்களத்திற் பகைவன் குண்டுக்கு இரையானோரை உலகம் போற்றும். பயிற்சியின்போது மடிந்தோரைப் பேசுவார் அரியர். இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானிய விமானப்படையைச் சார்ந்த இளைஞர் ஆயிரக்கணக்கானோர் பகைவனைக் காணாமலே பயிற்சிப் பறப்பில் உயிர் துறந்தனர். றிச்சட் ஹிலறியும் பயிற்சிப் பறப்பிலேயே மாண்டவர். ஆயினும் அவர் பகைவனைக் கண்டவர். கண்டு, வெந்து, மீண்டு, மறுபடியும் பறக்கச் சென்றவர்.

ஹிலறி 1919 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்த ஹிலறி, ஷுறூஸ்பரிப் பாடசாலையிற் கற்று, 1937 இல் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் திறினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கே புத்தகத்தினும் படகுத் துடுப்பே அவர் கைக்கு இனிதாயிருந்தது. ஆசிரியனாகிய எனக்கு இஃது உவப்பான செய்தியன்று. எனினும் உண்மையை மறைத்தலாகாது. 1938 இல் அவரும் தோழரும் ஜேர்மனியிலுள்ள பாட் எம்ஸ் என்னும் ஊருக்குப் படகோட்டச் சென்றனர். ஆயத்தமின்றி வந்த ஆங்கில மாணவரைக் கரையில் நின்றோர் எள்ளி நகைத்தனர். முடிவில் ஐந்திலிரண்டு செக்கன் வேறுபாட்டில் வெற்றி பெற்றவர் அம்மாணவரே. பரிசாகக் கிடைத்த கிண்ணம் ஜேர்மன் விமானப்படைத் தலைவன் கோயறிங்கின் பெயரால் அமைந்தது. இரண்டாண்டு கழித்து அதே கோயறிங்கின் விமானங்களை வானில் எதிர்ப்போமென அன்று அவர்கள் எண்ணியிருப்பரோ?

சர்வகலாசாலை விமானப் பிரிவில் முன்னரே பழகியிருந்தமையால், 1939 இற் போர் மூண்டதும் ஹிலறி விமானப்படைக்கு அழைக்கப்பட்டார். 1940 ஓகஸ்ற் இறுதியில் அவர் சேர்ந்திருந்த 603 ஆம் அணி, இலண்டனுக்குக் கிழக்கேயுள்ள ஹோர்ன்சேர்ச் தளத்துக்கு வந்தது. ஒரு வாரத்துள் அவர் ஐந்து விமானங்களை வீழ்த்தினாரென்பது கணக்கு. செப்ரெம்பர் 3 ஆம் திகதி அவருடைய ஸ்பிற்பயர் சுடப்பட்டுத் தீப்பற்றியது. தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடி திறக்க மறுத்தது. கண்காப்பும் கையுறையும் அவர் அணிந்திருக்கவில்லை. மூடியோடு போராடிய அச்சில கணங்களில் முகமும் கைகளும் வெந்தன. நினைவிழந்த நிலையில் விமானத்தினின்றும் வீழ்ந்தவர், வானிடையே நினைவு மீண்டு, பரசூட்டை விரித்துக் கடலிலிறங்கினார். நெடுநேரம் நீரிற் கிடந்து நம்பிக்கையிழந்து, மிதவைச் சட்டையின் காற்றை வெளியேற்றி உயிர்விடவும் முயன்றார். பரசூட் அவரை மூழ்கவிடவில்லை. ஈற்றில் மாகேற் உயிர்காப்புப் படகினர் கண்டு மீட்டனர்.

சசெக்ஸ் பகுதியிலுள்ள ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் வைத்தியசாலையில், நியூசிலாந்து நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆச்சிபோல்ட் மக்கின்டோ அவருக்குப் புதிய கண்ணிமைகளும் மேலுதடும் அமைத்தார். உடலின் ஓரிடத்துத் தோலை மற்றோரிடத்தில் ஒட்டும் அக்கலை அந்நாளில் வளர்ந்துகொண்டிருந்தது. தம்மேல் நிகழ்ந்தவை யாவும் சோதனையே என்பதை உணர்ந்த நோயாளர், 1941 இல் தமக்கென ஒரு சங்கம் நிறுவி, அதற்குக் கினிப்பன்றிச் சங்கமென்று வேடிக்கையாகப் பெயருமிட்டனர்.

அவ்வாண்டில் ஹிலறி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டு மக்களின் ஆதரவைத் திரட்டுவது நோக்கம். ஆனால் அவர் முகத்தைக் கண்டால் தாய்மார் தம் மைந்தரைப் போருக்கு அனுப்ப அஞ்சுவரென்று அதிகாரிகள் கருதினர். ஆகவே மேடை மறுக்கப்பட்டது. வானொலியிற் பேச மட்டும் இடந்தந்தனர். நாட்டுக்காக எரிந்த முகத்தை நாடே ஒளித்துவைத்தது! அக்காலத்தில் அவர் எழுதி முடித்த நூல், 1942 இல் இங்கிலாந்தில் ‘கடைசிப் பகைவன்’ எனப் பொருள்படும் பெயருடன் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. அப்பெயர் மரணத்தைக் குறிப்பது, விவிலியத்திலிருந்து எடுத்தது. தற்பெருமையும் ஏளனமும் மிகுந்த ஓர் இளைஞன் படிப்படியாகப் பிறர் துன்பத்தை உணரத் தொடங்கியதை அந்நூல் ஒளிவின்றிக் கூறுகின்றது. தன்னைப் பற்றி இத்துணைக் கடுமையாக எழுதிய இளைஞர் மிகச் சிலரே.

நூலாசிரியர் என்ற புகழோடு அவர் அமைந்திருக்கலாம்; எவரும் குறை கூறியிரார். உடன் பறந்த நண்பர் பலர் மாண்டுபோயினர். அவர் பெரிதும் மதித்த பீற்றர் பீஸ், 1940 செப்ரெம்பர் 15 ஆம் திகதியே வீழ்ந்துவிட்டார். தாம் மட்டும் எஞ்சியிருத்தல் ஹிலறிக்குப் பொறுக்கவில்லை. கத்தியும் முள்ளும் பிடித்து உண்ணவே இடர்ப்பட்ட கைகளோடு, மீண்டும் பறக்க அனுமதி வேண்டி விடாது முயன்றார். உயிரளித்த மக்கின்டோ தடுத்துப் பார்த்தார். ஆயினும் அனுமதி கிடைத்தது. 1942 இறுதியில் ஸ்கொத்லாந்தின் சாட்டர்ஹோல் தளத்துக்கு, இரவுப் போர் விமானப் பயிற்சிக்காகச் சென்றார். இரட்டை எஞ்சின் பூட்டிய பிளென்ஹைம் விமானம் ஸ்பிற்பயரிலும் பாரமானது. குளிர்கால இரவோ கொடியது.

1943 சனவரி 8 ஆம் திகதி விடியுமுன், அவர் ஓட்டிய பிளென்ஹைம் நிலத்தில் மோதி நொறுங்கியது. அவருக்கு வயது இருபத்துமூன்று. இறக்கையிற் பனி உறைந்ததோ, கைகள் வலுவிழந்தனவோ, வேறேதும் நேர்ந்ததோ என்று இன்றும் ஆராய்கின்றனர். அவர் துணிவை நான் ஐயுறவில்லை. ஆனால் அக்கைகளைக் கண்டபின்பும் அனுமதித்தோரின் செயலை என்னாற் பாராட்ட முடியவில்லை. ஏனெனில் அவ்விமானத்திற் சென்றவர் ஹிலறி ஒருவரல்லர். வழி கணித்து வானொலியை இயக்கிய வில்பிரெட் பைசன் என்பாரும் உடனிறந்தார். ஹிலறியைப் பற்றி ஆதர் கெஸ்லர் கட்டுரை எழுதினார். கெனிங்ரன் தீட்டிய அவருடைய ஓவியம் இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இடம்பெற்றது. பைசனின் பெயரோ ஹிலறியின் வரலாற்றில் ஒரு வரியாய் மட்டும் வருகின்றது.

ஹிலறியின் அஸ்தியை ஒரு விமானம் சுமந்து சென்று, ஆங்கிலக் கால்வாயின் மேல் தூவியது.