குற்றவாளி வேடத்திலிருந்து துப்பறிவாளர் வரை: ஹாலிவுட் நடிகை அன்னா மே வோங்கின் திரைப்பயணம்

ஹாலிவுட்டின் தொடக்ககாலக் குற்றப் படங்களில் சீனர் என்றாலே கடத்தல்காரர், கொலையாளி அல்லது சூழ்ச்சிக்காரர். அத்தகைய படங்களில் நடித்துப் புகழ்பெற்று, பின்னர் அதே வகைக் கதைகளில் குற்றத்தைக் கண்டறியும் பெண்ணாகவும் தோன்றியவர் நடிகை அன்னா மே வோங்.

1905-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் பிறந்த அவரின் இயற்பெயர் வோங் லியு சோங். தந்தை சலவையகம் நடத்தி வந்தார். பெற்றோரும் அமெரிக்காவில் பிறந்தவர்களே. ஆயினும், சீனத் தொழிலாளர்களின் குடியேற்றத்தைத் தடை செய்த 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது.

சிறுவயதிலேயே திரைப்படங்களின்பால் ஈர்க்கப்பட்ட அவர், 'தி டோல் ஆஃப் தி சீ' (1922) என்ற வண்ணப் படத்தில் 17 வயதில் கதாநாயகியாக நடித்தார். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1924) படம் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆனால், தொடர்ந்து கிடைத்தவை பெரும்பாலும் வஞ்சகப் பெண் வேடங்களே. மனம் சலித்த அவர் 1928-இல் ஐரோப்பா சென்றார். லண்டனில் உருவான 'பிக்காடில்லி' (1929) படத்தில், உணவகச் சமையற்கட்டிலிருந்து நடன மேடைக்கு உயர்ந்து, இறுதியில் கொலையுண்ணும் பெண்ணாக நடித்தார்.

அமெரிக்கா திரும்பியதும் 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' (1931) படத்தில் ஃபூ மான்சூ என்ற கொடியவனின் மகள் வேடம் கிடைத்தது. அந்தச் சீனத் தந்தையாக நடித்தவரோ சுவீடனில் பிறந்த வார்னர் ஓலண்ட். குறைந்த நேரமே திரையில் தோன்றிய ஓலண்டுக்கு 12,000 டாலரும் நாயகியான வோங்குக்கு 6,000 டாலரும் ஊதியமாக வழங்கப்பட்டன.

சீன விவசாயக் குடும்பத்தின் கதையான 'தி குட் எர்த்' (1937) படத்தின் நாயகி வேடத்தை அவர் பெரிதும் விரும்பினார். நாயகனாக வெள்ளையரான பால் முனி தேர்வு செய்யப்பட்டிருந்தார். இருவேறு இனத்தவர் காதல் இணையாகத் தோன்றுவதைத் திரையுலகம் அன்று ஏற்கவில்லை. எனவே நாயகி வேடம் லூயிஸ் ரெய்னருக்குச் சென்றது. அதற்காக அவர் ஆஸ்கர் விருதும் பெற்றார்.

இந்த ஏமாற்றத்துக்குப் பின், 1936-இல் வோங் தம் முன்னோரின் நாடான சீனாவுக்குப் பயணம் மேற்கொண்டார்.

பின்னர் வெளியான 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' (1937) படத்தில் நிலைமை மாறியது. தந்தையைக் கொன்ற ஆள்கடத்தல் கும்பலைத் துணிந்து தேடிச் செல்லும் மகளாக வோங் நடித்தார். அவருக்குத் துணைநிற்கும் அரசுப் புலனாய்வாளராகக் கொரிய வம்சாவளி நடிகர் பிலிப் ஆன் நடித்தார். ஆசிய வம்சாவளியினர் இருவர் நாயகனும் நாயகியுமாக இணைந்தது அக்கால ஹாலிவுட்டில் அரிது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது.

1951-இல் ஒளிபரப்பான 'தி கேலரி ஆஃப் மேடம் லியு-சோங்' தொலைக்காட்சித் தொடரில், கலைப்பொருள் வணிகம் செய்தபடியே குற்றங்களைத் துப்பறியும் பெண்ணாக அவர் தோன்றினார். அப்பாத்திரத்துக்கு அவரது இயற்பெயரே சூட்டப்பட்டது. சில மாதங்களே நீடித்த அத்தொடரின் பிரதி எதுவும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை.

1961-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி, 56-ஆம் வயதில் மாரடைப்பால் அவர் காலமானார். 2022-இல் அமெரிக்காவின் 25 சென்ட் நாணயத்தில் அவரது உருவம் பொறிக்கப்பட்டது. அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.