பாலத்தில் மட்டுமா நேப்பியர்?

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றபோது, சென்னையில் கூவம் கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பாலம் சதுரங்கப் பலகையைப் போலக் கறுப்பு, வெள்ளைக் கட்டங்களால் வண்ணம் பூசப்பட்டது. அதன் படங்கள் நாடெங்கும் பரவின. நேப்பியர் பாலம் என்ற பெயரை எல்லோரும் உச்சரித்தோம். நேப்பியர் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

திருவனந்தபுரத்துக்குச் சென்றவர்கள் நேப்பியர் அருங்காட்சியகத்தைப் பார்த்திருப்பார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த எங்கள் இரணியல் பக்கத்து மக்களுக்கு அந்தக் கட்டடம் தலைநகரின் அடையாளங்களுள் ஒன்று. மதுரை திருமலை நாயக்கர் அரண்மனை இன்று நிமிர்ந்து நிற்பதற்கும் அதே மனிதரே பெரும் காரணம். ஆனால், அங்கே செல்வோரின் நினைவுக்கு அவர் பெயர் வருவதில்லை. பழைய கட்டடங்களை எப்படிக் காப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் அவருடைய வாழ்க்கையைப் படிப்பது நல்லது என்பது என் கருத்து.

பிரான்சிஸ் நேப்பியர் 1819 செப்டம்பர் 15 அன்று ஸ்காட்லாந்தின் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். அவருடைய தந்தை பிரிட்டிஷ் வணிகத்தின் கண்காணிப்பாளராகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டு, கான்டன் அதிகாரிகளுடன் மோதி, 1834-இல் மக்காவில் காய்ச்சலால் இறந்துபோனார். பதினைந்து வயதுச் சிறுவன் பத்தாவது நேப்பியர் பிரபு ஆனான். கேம்பிரிட்ஜில் சேர்ந்தவர் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். பின்னர் தூதரகப் பணியில் நுழைந்து வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், நேப்பிள்ஸ் ஆகிய நகரங்களில் பணியாற்றினார். 1857 முதல் 1859 வரை அமெரிக்காவிலும், அதன்பின் நெதர்லாந்து, ரஷியா, பிரஷியா ஆகிய நாடுகளிலும் பிரிட்டனின் தூதராக இருந்தார். ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களில் கால் நூற்றாண்டைக் கழித்த பிறகே, 1866-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து சேர்ந்தார்.

அவரை வரவேற்றது பஞ்சம். ஒடிசாவை உலுக்கிய 1866-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அந்த அனுபவம் பாசனத்திலும் பொதுச் சுகாதாரத்திலும் அவர் கவனத்தைத் திருப்பியது. இவை குறித்து பிளாரன்ஸ் நைட்டிங்கேலுடன் அவர் தொடர்ந்து கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1872 பிப்ரவரியில் அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அந்த மாதக் கடைசியிலிருந்து மே மாதத் தொடக்கம் வரை நேப்பியர் தற்காலிக வைஸ்ராயாகவும் பொறுப்பு வகித்தார். அதே காலத்தில் இந்தியாவின் தலைமைப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட் நேப்பியர் வேறொருவர். இருவரையும் ஒருவராகக் கருதிக் குழம்புவோர் இன்றும் உண்டு.

நேப்பியரின் ஆட்சிக்காலத்தில் சென்னையில் ராபர்ட் சிஷோம் என்ற இளம் கட்டடக் கலைஞர் இருந்தார். இருவருக்கும் ஒத்த மனம் அமைந்தது. ஐரோப்பியப் பாணியை அப்படியே கொண்டுவந்து இம்மண்ணில் நடுவது பொருந்தாது; இந்த நாட்டின் கட்டட மரபுகளைப் பயன்படுத்த வேண்டும் என்று 1870-இல் ஆற்றிய உரையொன்றில் நேப்பியர் வாதிட்டார். ஆளும் இனத்தின் செருக்கு உச்சத்தில் இருந்த காலத்தில் ஓர் ஆளுநர் இவ்வாறு பேசியது சிறிய செய்தியன்று. சிஷோம் பின்னர் எழுப்பிய சென்னைப் பல்கலைக்கழகச் செனட் இல்லத்திலும், கேரளத்தின் சரிந்த ஓட்டுக் கூரைகளை நினைவூட்டும் வகையில் 1880-இல் முடித்துத் தந்த திருவனந்தபுரம் அருங்காட்சியகத்திலும் அந்தச் சிந்தனையின் தடம் இருக்கிறது.

புதியன கட்டியதைக் காட்டிலும், பழையதற்கு மறுவாழ்வு தந்ததே நேப்பியரின் பெரிய பணி என்று நான் கருதுகிறேன். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனை அவர் காலத்தில் பெருமளவு சிதைந்திருந்தது. அதன் பகுதிகளைத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கரே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தார். முழு அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே எஞ்சியது. சொர்க்க விலாசமும், இசையும் கூத்தும் நிகழ்ந்த நாடக சாலையும் வீழ்ச்சியின் விளிம்பில் நின்றன.

நேப்பியர் அதைச் செப்பனிட ஆணையிட்டார். பணி சிஷோமிடம் ஒப்படைக்கப்பட்டது. செப்பனிட்டதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த அரண்மனைக்கு ஒரு வேலையையும் கொடுத்தார்கள். மாவட்ட நீதிமன்றம் அங்கே குடியேறி, ஏறத்தாழ நூறாண்டுகள் இயங்கியது. சென்னையில் ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையும் இதே காலத்தில் அரசு அலுவலகமாகத் தகவமைக்கப்பட்டது.

மன்னன் கொலுவிருந்த இடத்தில் வழக்குக் கட்டுகளா என்று மனம் சுளிக்கலாம். அந்நிய ஆட்சி தன் அதிகாரத்துக்குப் பழைய அரச மாட்சியைப் போர்த்திக்கொண்டது என்ற விமர்சனத்திலும் உண்மை உண்டு. ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் இதை வேறொரு கோணத்திலும் பார்க்கிறேன். சீரமைப்பு என்பது மூலதனச் செலவு, ஒருமுறை செய்வது. கட்டடத்தை வாழவைப்பது ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவு. முன்னதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பின்னதற்கு எதுவும் கிடையாது. எனவே எந்த அரசும் முன்னதை விரும்பும், பின்னதை மறக்கும். நீதிபதியின் தலைக்கு மேலே கூரை ஒழுகினால் அன்றே கடிதம் பறக்கும். யாருமில்லாத மண்டபத்தில் ஒழுகினால் வௌவாலுக்கு மட்டுமே தெரியும். நீதிமன்றம் வெளியேறிய பின் மதுரை அரண்மனை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நினைவுச் சின்னமானது. 1981 முதல் மாலையில் ஒலி-ஒளிக் காட்சி நடைபெறும் இடமும் ஆனது. நூறாண்டுப் பயன்பாடு அதை அந்த நாள் வரை கொண்டுவந்து சேர்த்தது.

உலகின் பிற நகரங்களும் இதே பாடத்தைக் கற்றிருக்கின்றன. லண்டன் ஸ்மித் சதுக்கத்தில் 1728-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜான் தேவாலயம் 1941-இல் குண்டுவீச்சில் எரிந்து கூடானது. அதை இடிக்கவில்லை. 1969-இல் அது இசையரங்காகத் திறக்கப்பட்டது. தமிழர்கள் நன்கறிந்த சிங்கப்பூரில், 1854-இல் தொடங்கிய கன்னிமாடப் பள்ளி 1983-இல் இடம் பெயர்ந்தபோது, அதன் அழகிய தேவாலயம் வழிபாட்டுப் பயன்பாட்டிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டது. சீரமைப்புக்குப் பின் 1996 முதல் அவ்வளாகம் சைம்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது; பழைய தேவாலயம் நிகழ்ச்சி அரங்காகியிருக்கிறது. சுற்றிலும் உணவகங்கள் வந்துவிட்டதே என்று வருந்துவோரும் அங்கே உண்டு. புதிய பயன் பழைய இடத்தின் கண்ணியத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற எச்சரிக்கையாக அந்த வருத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். தொழுகை நடந்த இடத்துக்கு இசை அந்நியமாவதில்லை.

இந்தியாவிலிருந்து திரும்பிய நேப்பியரின் பிற்காலத்திலும் நமக்கொரு செய்தி இருக்கிறது. ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குறுநிலக் குடியானவர்கள் எந்நேரமும் வெளியேற்றப்படும் அச்சத்தில் வாழ்ந்தார்கள். அவர்களின் நிலையை ஆராய 1883-இல் அமைந்த ஆணையத்துக்கு, தாமே நிலவுடைமையாளரான நேப்பியர் தலைமை ஏற்றார். அவருடைய பரிந்துரைகள் அப்படியே ஏற்கப்படவில்லை. என்றாலும் அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்த 1886-ஆம் ஆண்டுச் சட்டம், குடியானவர்களுக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையையும், அவர்கள் செய்த மேம்பாடுகளுக்கு இழப்பீட்டையும் வழங்கியது. நாளை தனதில்லை என்று அஞ்சுபவன் இன்று சுவர் எழுப்பமாட்டான். குடியிருப்பவனுக்கு உறுதி கிடைத்தால் வீடு நிற்கும். மதுரையில் அரண்மனைக்குக் கிடைத்ததும் ஒரு நிலையான குடியிருப்புதான். நேப்பியர் 1898-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் காலமானார்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வேணாட்டு மன்னர்கள் வாழ்ந்த இரணியல் அரண்மனை, வசந்த மண்டபத்தையும் அதிலுள்ள கல் கட்டிலையும் வைத்துக்கொண்டு, கூரை சரிந்து, மரங்கள் உளுத்து நெடுங்காலம் கிடந்தது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையோ, தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. இரண்டுமே மரமும் ஓடும் கல்லும் கலந்த ஒரே மரபின் பிள்ளைகள். ஒன்றுக்கு வேலையும் காப்பாளரும் இருந்தார்கள். மற்றதற்கு இரண்டும் இல்லை. அண்மை ஆண்டுகளில் இரணியல் அரண்மனைக்கு அரசு நிதி ஒதுக்கிச் சீரமைப்பை மேற்கொண்டது மகிழ்ச்சிக்குரியது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடக்கப்போகிறது என்பதே என் கேள்வி.

அதை ஓர் இசை, நிகழ்கலை அரங்காக்கலாம் என்பது என் யோசனை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறாள்; அங்கே நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிகள் நிகழ்கின்றன. கலைமகள் புறப்படும் வட்டாரத்தில் கலைக்கென ஒரு பழம்பெரும் மண்டபம் திறந்திருக்க வேண்டாமா? நாகஸ்வரமும் தவிலும், வில்லுப்பாட்டும் களியலும் தோல்பாவைக்கூத்தும் எங்கள் மாவட்டத்தின் உயிர்ப்புள்ள கலைகள். மாதம் இரண்டு நிகழ்ச்சிகள், சில நூறு பேர் அமரும் முற்றம், சிறிய நுழைவுக் கட்டணம் ஆகியவை போதும். அறநிலையத் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் கைகோத்தால் இது எட்டாத கனியன்று.

எச்சரிக்கையும் தேவை. மரக் கட்டடத்துக்கு மின்கசிவும் தீயும் எமன். 2012-இல் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் தீக்கிரையானதை மறந்துவிடக் கூடாது. ஒலிபெருக்கியின் அளவு, மின்விளக்கின் வகை, ஒரு நேரத்தில் உள்ளே இருக்கக்கூடிய மக்களின் எண்ணிக்கை அனைத்தையும் தொல்லியல் அறிஞர்களே வரையறுக்க வேண்டும். பராமரிப்புக்கென ஒரு நிரந்தர நிதியும், பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பொறுப்பாளரும் வேண்டும். கட்டணத்தால் முழுச் செலவும் ஈடாகாது. எஞ்சியதை அரசு ஏற்பதே முறை. பத்தாண்டு கைவிட்டு மீண்டும் கோடிகளில் சீரமைப்பதைவிட அது மலிவானது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அந்நிய ஆளுநர் ஒருவருக்குப் புலப்பட்ட உண்மை, நம்மை நாமே ஆளும் நமக்கும் புலப்பட வேண்டும். ஆளரவம் கேட்கும் கட்டடமே நிலைக்கும். இரணியல் அரண்மனையைச் சீரமைத்துப் பூட்டி, சாவியை ஏதோ ஓர் அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டால், அடுத்த தலைமுறை அதே கூரைக்கு மீண்டும் நிதி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கும்.