சொல் தவறாத யாக்கோபு கிரிம்

சின்ட்ரெல்லா கதையைக் கேளாமல் வளர்ந்தவர் நம்மில் மிகச் சிலரே. அக்கதையையும் அதுபோன்ற பலவற்றையும் தொகுத்து 1812-இல் நூலாக வெளியிட்டவர்கள் ஜெர்மானியச் சகோதரர் இருவர். அவர்களுள் மூத்தவரான யாக்கோபு கிரிம் மாபெரும் மொழியறிஞருமாவார்.

1785 ஜனவரி 4-ஆம் நாள் ஹனாவ் நகரில் பிறந்த அவர், பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். தாய் ஆறு பிள்ளைகளை அரும்பாடுபட்டு வளர்த்தார். பெரியம்மாவின் உதவியால் யாக்கோபு கல்வியைத் தொடர்ந்தார்.

நாம் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்களே அவருக்குக் கருவூலமாயின. உண்ணுதலைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஈட், ஏட், ஈட்டன்' என்கிறோம். டச்சு மக்கள் 'ஏட்டன், அட், கெகேட்டன்' என்பர். ஜெர்மானியரோ 'எஸ்ஸன், ஆஸ், கெகெஸ்ஸன்' என்பர். மற்ற இரண்டிலும் 'ட்' ஒலிக்குமிடத்தில் ஜெர்மனில் 'ஸ்' ஒலிப்பதைக் காண்கிறோம். தண்ணீரைக் குறிக்கும் 'வாட்டர்', 'வாசர்' என்பனவும் அவ்வாறே. இம்மாற்றங்கள் தற்செயலானவை அல்ல, ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை என்பதை 1822-இல் யாக்கோபு விளக்கினார். டென்மார்க் அறிஞர் ராஸ்க் முன்னரே கண்டிருந்தவற்றையும் விரிவுபடுத்தினார். காலம் காட்டத் தன் உயிரெழுத்தையே மாற்றிக்கொள்ளும் இத்தகைய வினைகளுக்கு 'வலிய வினை' என்றும், விகுதியின் துணையை நாடுபவற்றுக்கு 'மெலிய வினை' என்றும் பெயரிட்டார்.

1837-இல் அவருக்குச் சோதனை வந்தது. ஹனோவர் அரசர் எர்ன்ஸ்ட் அகஸ்ட் நாட்டின் அரசியலமைப்பைச் செல்லாததாக்கினார். அதன்மீது உறுதிமொழி எடுத்திருந்த கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுவர், அதை மீற இயலாதென எழுதிக் கையொப்பமிட்டனர். யாக்கோபும் தம்பி வில்ஹெல்மும் அவர்களுள் இருவர். எழுவரும் பதவி இழந்தனர். யாக்கோபு மூன்று நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

வேலையிழந்த அந்நாளிலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1838-இல் சகோதரர் இருவரும் ஜெர்மன் மொழிப் பேரகராதியைத் தொடங்கினர். 1859-இல் தம்பி மறைந்த பின்னும் மூத்தவர் பணியைத் தொடர்ந்தார். 'கனி' எனப் பொருள்படும் 'ஃப்ருஹ்ட்' என்னும் சொல்லை எழுதிவருகையில், 1863 செப்டம்பர் 20-ஆம் நாள் உயிர் நீத்தார். பின்வந்த அறிஞர்கள் அப்பணியை 1961-இல் முடித்தனர்.

சொற்களை ஆராய்ந்த அவர், கொடுத்த சொல்லையும் காத்தார். அன்பு மாணவியரே, தேர்வுக்காக நாம் மனனம் செய்யும் வினைச்சொல் அட்டவணைக்குப் பின்னால் இப்படியோர் உள்ளம் உழைத்திருக்கிறது. சிறு சொல்லையும் மதித்துக் கற்போம். கொடுத்த வாக்கைக் காப்போம்.